நீர் தொடாத கல்லை நாம் தொடலாகாது

அபிஷேக வேளையில் சிலாரூபத்தை உற்று நோக்கிய அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். உலர்ந்திருக்கையில் சற்றே மங்கித் தோன்றும் கல், தீர்த்தம் பட்ட கணத்திலேயே ஆழ்ந்த நிறம் பெற்று ஒளிர்கிறது. நீர் கல்லுக்குப் புதிய நிறம் எதனையும் தந்துவிடவில்லை. கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்கள் கணக்கின்றி உள்ளன. அவற்றின்மீது விழும் ஒளி நாற்புறமும் சிதறுவதால் கல்லின் நிறம் நமக்கு வெளிறித் தெரிகிறது. நீர் அப்பள்ளங்களை நிரப்பிச் சமனாக்குகிறது. ஒளி சிதறாமல் உட்புகுந்து மீள்கிறது. கல் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. ஈரம் உலர்ந்ததும் அக்காட்சியும் மறைந்துவிடுகிறது.

நீர் சில நிமிடங்களுக்குச் செய்து காட்டும் இச்செயலை என்றும் நிலைக்கச் செய்வதே கல்லுக்கு மெருகேற்றும் கலை. பள்ளங்களை நிரப்புவதற்குப் பதிலாக மேடுகளைத் தேய்த்து, பின்னும் தேய்த்து, ஒளி சிதற இடமில்லாதபடி சமன் செய்வதே அதன் சாரம். இல்லத்தில் ஓய்வு நேரக் கைவினையாக இதனைப் பயில விரும்புவோர்க்கு மிகவும் ஏற்றது அகேட் என்னும் வரிக்கல். வட இந்தியக் கடைவீதிகளில் இதனை ஹகீக் என்பர். அகேட்டை அறுத்து மெருகிடும் முறையை இவ்வாரம் அறிவோம். அதனோடு, கல்லைவிடப் பெரிதான ஒன்றையும் அறிந்துகொள்வோம். அது, கல்லை அறுப்பவரின் மூச்சு.

நீர் வரைந்த கோலம்

அகேட் பிறந்த வரலாறே நீரின் வரலாறுதான். எரிமலைக் குழம்பு பரவி ஆறுகையில் அதனுள் அகப்பட்ட வாயுக் குமிழ்கள் வெற்றிடங்களாக நின்றுவிடுகின்றன. பின்னர் அப்பாறையினூடே கசியும் நீர், தன்னில் கரைந்திருக்கும் சிலிக்காவை அவ்வெற்றிடங்களின் உட்சுவரில் மெல்லிய படலமாகப் படியவிடுகிறது. ஒரு படலத்தின்மேல் இன்னொரு படலமாக, உள்நோக்கிப் படிந்துகொண்டே போகிறது. நீரில் கலந்திருந்த இரும்பு முதலியவற்றின் அளவு மாறுந்தோறும் படலத்தின் நிறமும் மாறுகிறது. இவ்வாறு உருவான வளைய வளையமான வரிகளே அகேட்டின் அழகு. நம் நாட்டின் தக்காணப் பீடபூமியைப் போர்த்தியிருக்கும் எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருவானவை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கிடைக்கும் அகேட் கற்கள் பெரும்பாலும் அப்பாறைகளின் குழந்தைகள்.

தாய்ப்பாறை காலப்போக்கில் சிதைந்துபோனாலும் அகேட் சிதைவதில்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் இடம் 6.5 முதல் 7 வரை. எஃகுக் கத்தியால் இதனைக் கீற முடியாது. ஆகவே ஆறு அதனைச் சுமந்து செல்கிறது. உருட்டி உருட்டி முனைகளை மழுக்குகிறது. வெளியே பார்த்தால் உருளைக்கிழங்கைப் போன்று கரடுமுரடான பழுப்புத் தோல். உள்ளே எவரும் காணாத கோலம். சிசிலித் தீவில் அகேட்டஸ் என்னும் ஆற்றங்கரையில் இக்கல் கிடைத்ததனால் பண்டைக் கிரேக்கர் இதற்கு அவ்வாற்றின் பெயரையே இட்டனர். கல்லின் பெயரிலேயே ஓர் ஆறு ஓடுகிறது!

முன்னோர் கைப்பழக்கம்

இக்கலை நமக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள கொடுமணல் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த அகழாய்வுகள் பெரியதொரு மணித்தொழிற் கூடத்தையே வெளிக்கொணர்ந்தன. பச்சை நீலக்கல், படிகம், சூதுபவளம், அகேட் ஆகிய கற்களில் முழுமையுற்ற மணிகளும், பாதி உருப்பெற்றவையும், துளையிடாதவையும், கழித்து எறிந்த சில்லுகளும் அங்குக் கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். மின்விசையும் இரும்பு இயந்திரமும் இல்லாத காலத்தில், எஃகினும் கடிய கல்லில் நூல் நுழையும் துளையிட்ட கைகள் அவை.

மேலை நாட்டில் இக்கலைக்குப் புகழ்பெற்ற ஊர் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன். அங்கு ஓடும் சிற்றாற்றின் விசையால் ஆளுயர மணற்கற் சக்கரங்கள் சுழன்றன. தொழிலாளர் கவிழ்ந்த நிலையில் மரப்பலகைமேல் படுத்து, கால்களை உதைந்து, உடலின் வலிமை முழுவதையும் கைகளிற் சேர்த்துக் கல்லைச் சக்கரத்தில் அழுத்தித் தேய்த்தனர். சக்கரத்தின்மேல் நீர் இடையறாது வழிந்தது. உள்ளூரில் கல் குறைந்து வறுமை வந்தபோது பலர் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அகேட் வயல்களைக் கண்டு 1834-ஆம் ஆண்டு முதல் தாய் ஊருக்குக் கப்பலில் கல் அனுப்பத் தொடங்கினர். அவ்வாற்றங்கரை ஆலைகளுள் ஒன்று இன்றும் காட்சிக்கூடமாக நிற்கிறது.

இல்லத்தில் தொடங்கும் முறை

தொடங்குவோர் கல்லை அறுக்கும் இயந்திரத்தை முதலில் வாங்க வேண்டுவதில்லை. ஐந்தாறு மில்லிமீட்டர் கனத்தில் அறுத்து வைத்த வில்லைகளே விற்பனைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும்போது நீரில் நனைத்துப் பாருங்கள். நனைந்த நிலையில் தெரியும் நிறமே மெருகேறிய பின் நிலைக்கப்போகும் நிறம். கண்ணைப் பறிக்கும் நீலமும் இளஞ்சிவப்பும் கொண்ட வில்லைகள் பெரும்பாலும் சாயமேற்றியவை. இயற்கை வரிகள் வெண்மை, சாம்பல், தேன், பழுப்பு, செம்மை என அடக்கமாகவே இருக்கும்.

கைம்முறைக்கு வேண்டுவன சிலவே. வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் என்னும் நீர்த்தேய்ப்புத் தாள்கள் 220, 400, 600, 1000, 2000 ஆகிய எண்களில் ஒவ்வொன்று. தாளை விரித்து வைக்கத் தட்டையான தடித்த கண்ணாடி. ஒரு தட்டில் நீர். எண் கூடக்கூடத் தாளின் மணல் நுண்ணியதாகும். 220-இல் தொடங்கி, வில்லையை நீருடன் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அறுவையின் கோடுகள் யாவும் மறைந்த பின்னரே அடுத்த தாளுக்குச் செல்லலாம். அகேட் கடினமான கல்லாதலால் ஒரு சிறு வில்லைக்கே பல மணி நேரம் பிடிக்கும். இறுதியில், கண்ணாடிக்கு மெருகிடுவோர் பயன்படுத்தும் சீரியம் ஆக்ஸைடு தூளை நீரில் குழைத்து, ஈரமான தோலிலோ கம்பளத் துணியிலோ தடவித் தேய்த்தால், கல்லில் நம் முகம் தெரியும்.

இங்கு ஒரு நுட்பம். நீர் கல்லை அழகுறக் காட்டும் என்றோமல்லவா? அதே காரணத்தால் அது கீறல்களையும் மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு படியின் முடிவிலும் கல்லைக் கழுவித் துடைத்து, நன்கு உலர்த்தி, விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வேலை செய்வது ஈரத்தில்; குறை காண்பது உலர்ச்சியில். ஒரு படியை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால், விடுபட்ட கீறல் இறுதி மெருகில் பளிச்செனத் தெரியும். மீண்டும் முதற்படிக்கே திரும்ப வேண்டிவரும்.

சற்றே முன்னேறியவர்கள் சுழல் உருளையை நாடலாம். ரப்பர் உட்புறம் கொண்ட சிறு பீப்பாய் அது. மூன்றில் இரண்டு பங்கு கற்களை இட்டு, கற்கள் மூழ்கும் அளவிற்குச் சற்றுக் குறைவாக நீர் ஊற்றி, சிலிக்கான் கார்பைடு என்னும் தேய்ப்புத்தூளைச் சேர்த்து மூடி, இரவும் பகலும் சுழலவிட வேண்டும். முதலில் பருந்தூள், பிறகு நடுத்தரம், பிறகு நுண்தூள், கடைசியில் மெருகுத்தூள் எனப் படிக்கு ஒரு வாரமாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆறு பல்லாண்டுகளில் செய்யும் பணியை ஒரு பீப்பாய் ஒரு மாதத்தில் செய்கிறது. படி மாறும்போது கற்களையும் பீப்பாயையும் பன்முறை கழுவுக. பருந்தூளின் ஒரு துகள் உள்ளே தங்கிவிட்டாலும் மெருகு கெடும்.

மோதிரத்திற்கும் பதக்கத்திற்கும் குவிந்த வடிவில் கல் அமைக்க விரும்புவோர்க்கு வைரத்தூள் பதித்த அறுவைத் தகடும், சாணைச் சக்கரங்களும் வேண்டும். வில்லையை ஒரு குச்சியின் முனையில் அரக்கு இட்டு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் விரல் சக்கரத்தில் படாது. இவ்வியந்திரங்களில் வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே: தகட்டின்மேலும் சக்கரத்தின்மேலும் நீர் விழ வழியுண்டா? இல்லையேல் அது எத்துணை மலிவாயினும் வேண்டா.

உலர்ந்த தூளே பகை

இதனை இத்துணை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அகேட் முழுவதும் சிலிக்கா. அதனை உலர்ந்த நிலையில் அரைக்கும்போது எழும் தூளில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி பெரிதும் தீங்கற்றது. அது மூக்கிலும் தொண்டையிலும் தடைபட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத பகுதியே கொடியது. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கினும் சிறிய அத்துகள்கள் நுரையீரலின் கடைக்கோடி வரை சென்று தங்குகின்றன. உடல் அவற்றைக் கரைக்கவும் இயலாது, வெளியேற்றவும் இயலாது. அவற்றைச் சுற்றி நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். இதனைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இந்நோயுற்றோரைக் காசநோய் எளிதில் பற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மூச்சில் செல்லும் படிக சிலிக்காத் தூளை 1997-ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் வைத்தது.

இது ஏட்டுச் செய்தியன்று. குஜராத்தில், கடல் வளைகுடாவின் தலைமாட்டில் கம்பாத் என்னும் பழைய துறைமுக நகரம் உள்ளது. ராஜ்பிப்லா மலைப்பகுதியில் தோண்டிய அகேட் கற்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து சேர்கின்றன. அவற்றை மண்கலங்களில் இட்டுச் சூடேற்றுவர். கல்லிலுள்ள இரும்புச்சத்து சூட்டினால் சிவந்து சூதுபவள நிறம் கொள்ளும். பின்னர் இரும்பு முனையில் வைத்துத் தட்டி உருவமைப்பர். வைரமுனை கொண்ட வில்துளைக் கருவியால் துளையிடுவர். அண்மையிலுள்ள லோதலில் ஹரப்பா காலத்து மணித்தொழிற் கூடம் கண்டெடுக்கப்பட்டிருப்பதால், இம்மரபு நாலாயிரம் ஆண்டுப் பழமை உடையது எனலாம்.

அத்தகைய பெருமை வாய்ந்த ஊரில்தான் மின்விசையால் சுழலும் எமரிச் சக்கரங்கள் வந்தபின் தூள் மேகமாய் எழுந்தது. வேலை நடப்பது தொழிற்சாலையில் அன்று. வீட்டு முற்றத்திலும் கொட்டகையிலும். அரைப்பவர் மட்டுமின்றி, அருகே சமைப்பவரும், தவழும் குழந்தையும் அதே காற்றைச் சுவாசித்தனர். சக்கரத்தைத் தொட்டறியாதவர்களும் நோயுற்றதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குடும்பத்தில் உழைக்கும் ஒருவர் இளவயதிலேயே மூச்சு முட்டி வீழ்ந்தபின், அதே சக்கரத்தின்முன் அவர் மகன் அமர்ந்த கதைகள் அங்கு அரிதல்ல.

பிழைப்புக்காக அமர்ந்த அவர்களுக்கு வேறு வழி இருந்ததில்லை. பொழுதுபோக்காகச் சக்கரத்தின்முன் அமரும் நமக்கு வழி உண்டு. கம்பாத்தின் முற்றத்தில் நிகழ்ந்ததை நம் மாடியிலும் நிகழ்த்திவிடலாகாது. நீரோடு தேய்த்தால் தூள் சேறாகிக் கீழே படிகிறது, காற்றில் ஏறுவது பெரிதும் குறைகிறது. நீர் சக்கரத்தின் சூட்டையும் தணிக்கிறது. கல் வெடிப்பதும் தடுக்கப்படுகிறது.

கைக்கொள்ள வேண்டியவை

ஆயினும் நீர் ஊற்றியதோடு கடமை முடிவதில்லை. படிந்த சேறு உலர்ந்தால் மீண்டும் தூளே. ஆகவே வேலை முடிந்தவுடன், ஈரம் காயுமுன், நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். விளக்குமாற்றால் பெருக்குதல் அறவே கூடாது. சேறு படிந்த மேலாடையைத் தனியே நீரில் நனைத்துத் துவைக்க வேண்டும்.

சேற்று நீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றலாகாது. குழாயினுள் படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் ஓரிரு நாள் தெளியவிட்டு, மேல்நீரை மண்ணில் ஊற்றிவிட்டு, அடிச்சேற்றை ஈரமாகவே பையில் கட்டி அப்புறப்படுத்துக.

இடம் சமையலறையும் படுக்கையறையும் அல்லாத, காற்றோட்டமுள்ள மாடியோ தாழ்வாரமோ ஆக வேண்டும். சக்கரத்திலிருந்து தெறிக்கும் நீர்த்திவலையிலும் துகள் இருக்குமாதலால், இயந்திரத்தில் பணிபுரிவோர் என்95 தர முகக்கவசம் அணிதல் நன்று. கைக்குட்டையோ மெல்லிய துணிக்கவசமோ அந்நுண்துகளைத் தடுக்காது. கண்களுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். தளர்ந்த கைச்சட்டை, தொங்கும் முந்தானை, மேல்துண்டு, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைச் சுழலும் சக்கரத்தின் அருகே கொண்டு செல்லற்க. கூந்தலை முடிந்துகொள்க.

நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது. மின்கசிவு ஏற்பட்ட கணமே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தாத இணைப்பில் இவ்வியந்திரங்களை இயக்கலாகாது. சுவரையும் கம்பியையும் அறுக்கும் கைச்சக்கர இயந்திரத்தைக் கொண்டு உலர்ந்த கல்லை அறுத்துவிடலாம் என்னும் எண்ணம் சிலருக்கு எழும். அது எளிய வழியாகத் தோன்றும். அதுவே யாவற்றினும் தீய வழி.

சிறுவர்கள் ஆர்வத்துடன் அருகே வருவர். அவர்களுக்கு நீர்த்தாளில் கையால் தேய்க்கும் பணியைத் தாராளமாகத் தரலாம். பெரியோர் உடனிருக்கையில் இதைவிடச் சிறந்த பொறுமைப் பாடம் வேறில்லை. சக்கரங்களின் அருகே மட்டும் அவர்களை விடற்க.

பூசையறைக் கற்கள்

அகேட் நவமணிகளின் வரிசையில் சேர்ந்ததன்று. எனினும் ஜபமாலையாகவும் சிறு லிங்கமாகவும் தீபத்தட்டாகவும் நம் இல்லங்களில் இடம்பெற்றுள்ளது. நர்மதையின் பாணலிங்கங்கள் பலவும் குவார்ட்ஸ் இனத்தைச் சேர்ந்த இத்தகைய கடினக் கற்களே. உளி படாமல் நதி தானே வழித்து உருவாக்கியது என்பதாலேயே பாணலிங்கத்திற்கு ஏற்றம் கூறினர் முன்னோர். இன்று அந்நதிக்கரைச் சிற்றூர்களில் கையால் உருவமைத்து மெருகேற்றும் குடும்பங்களும் உண்டு. பூசையிலுள்ள எந்தக் கல்லையும், மங்கிவிட்டதே என்று எண்ணித் தேய்க்க முற்படாதீர்கள். வழிபாட்டினால் ஏறிய மெருகு நம் தாளினால் ஏறும் மெருகினும் மேலானது.

கடையில் புதிதாக ஒரு மாலையோ லிங்கமோ வாங்கும்போது, இது நீரில் அரைத்ததா, உலர்வாக அரைத்ததா என ஒருமுறை கேளுங்கள். விற்பவருக்கு விடை தெரியாதிருக்கலாம். பலரும் கேட்கத் தொடங்கினால் அவர் தமக்கு அனுப்புவோரைக் கேட்பார். அவர் பட்டறையைக் கேட்பார். நீர்க்குழாயும் தூள் உறிஞ்சும் கருவியும் பொருத்தச் செலவாகும். அதனால் கல்லின் விலை சற்று உயரும். அந்த உயர்வை மனமுவந்து தருவதும் ஒரு காணிக்கையே. கையில் உருளும் மணியொவ்வொன்றும் எவரோ ஒருவரின் மடியிலிருந்து வந்தது என்னும் நினைவு ஜபத்திற்கு இடையூறாகாது. அதனை இன்னும் உருக்கமுடையதாக்கும்.

இக்கைவினையைத் தொடங்குவோர்க்கு ஒரு நன்மை தானே வந்தெய்தும். ஒரு சிறு வில்லைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவிட்டபின், கடையில் குவிந்துகிடக்கும் மணிகளை முன்போல் அலட்சியமாகப் பார்க்க இயலாது. ஒவ்வொன்றின் பின்னும் இருக்கும் உழைப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நீர் ஈன்ற கல் அது. நீர் சுமந்து வந்த கல் அது. அதனுள் உறங்கும் கோலத்தைத் திறப்பதற்கும் நீரையே துணைகொள்வோம். அறுக்கும் கையும் அணியும் கழுத்தும் நெடுநாள் நலமுடன் வாழ நர்மதையின் நாயகன் அருள் புரிவானாக.